ரிப்பன் அறுபடாத ஆய்வகம்

சுகிர்தம் முதன்முதலாகச் சன்னல் ஏறிக் குதித்தது நாற்பத்து மூன்று வயதில். அதுவும் தான் பாடம் நடத்தும் கல்லூரியில், பட்டப்பகலில், கஞ்சி போட்ட காட்டன் சேலையோடு. காவலாளி சங்கிலி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். உள்ளே இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம், தலையை வெளியே நீட்டி, "நான் உள்ள வந்தது யாருக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்டதுதான். எதிரே வேப்பமரத்தடியில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணவிகள் அத்தனை பேரும் தெரியாது என்று தலையாட்டினார்கள்.

பிறவியிலேயே பயந்த சுபாவம் அவளுக்கு. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தவரின் கடைசி மகள். அப்பா ஏலக்காயைச் சல்லடை சல்லடையாக மாற்றித் தரம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஓட்டை உண்டு, அதில் ஒழுங்காக விழாதவர்கள்தான் பிற்பாடு அவதிப்படுகிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தாள். மதுரையில் எம்.எஸ்சி. படித்தாள். தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஜெபமணியைக் கட்டிக்கொண்டாள். உத்தமபாளையத்தைத் தாண்டிக் கம்பம் ரோட்டில் இருந்த கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். சாயங்காலம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, ஆய்வகத்தில் காஸ் குழாயை மூடினோமா என்று சந்தேகம் வந்து இறங்கிவிடுவாள். ஜெபமணி அந்தக் குழாய்க்கென்றே கடையிலிருந்து ஒரு பூட்டுக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பூட்டினோமா என்று சந்தேகம் வந்தது.

ஆனால் அவள் நடத்திய செய்முறை வகுப்புகளில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் விடை முன்பே தெரியும். நோட்டில் சோதனை, காண்பது, அறிவது என்று மூன்று கட்டம் இருக்கும். பிள்ளைகள் மூன்றாவது கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு அங்கிருந்து இடதுபக்கமாக நடந்து வருவார்கள். எந்தக் குப்பியில் எந்த உப்பு என்பது போன வருடத்துப் பிள்ளைகளிடமிருந்து சீதனம் போல வந்து சேர்ந்துவிடும். தேர்வு நாளில் வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளரும் உப்பின் பெயரை ரகசியமாகக் கேட்டு வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போடுவார். சுகிர்தமும் அப்படிப் படித்து வந்தவள்தான். விடை தெரியாத கேள்வி ஒன்றோடு அவள் ஒருநாளும் ஆய்வகத்துக்குள் நுழைந்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டில் கல்லூரிச் செயலாளர் காமராஜ் தன் தாயார் பேரில் புது அறிவியல் கட்டடம் கட்டினார். அடுத்தடுத்து இரண்டு அறை. இந்தப் பக்கம் வேதியியல், அந்தப் பக்கம் விலங்கியல். விலங்கியலுக்கு ஒரு பெரிய மைக்ராஸ்கோப் வந்தது. வேதியியலுக்கு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வந்தது. ஒரு கரைசலின் ஊடே வெளிச்சத்தைச் செலுத்தி, நிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து, உள்ளே என்ன எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும் பெட்டி. எல்லோரும் அதை ஸ்பெக்ட்ரோ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள், ஒருவரும் கண்ணால் பார்க்காமலேயே. ஏனென்றால் காமராஜ் பருத்தி வியாபாரி. பூ வைக்காமல் ஒரு மூட்டையைக்கூடப் பிரிக்காதவர். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுகிற வரைக்கும் வாசல்படியை ஈ காக்கை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அமைச்சர் முதலில் தேதி கொடுத்தது சித்திரையில். ரிப்பன் கட்டி, மேளத்துக்குச் சொல்லி, கல்வெட்டில் தேதி வெட்டிய பிறகுதான் அது வீரபாண்டித் திருவிழாச் சமயம் என்று உறைத்தது. மாவட்டத்துப் போலீஸ் பூராவும் அங்கே நின்றது. பந்தோபஸ்து இல்லாமல் அமைச்சர் வரமாட்டார். அடுத்த தேதி ஆவணியில். அதற்குள் அந்த அமைச்சரை வேறு இலாகாவுக்கு மாற்றிவிட்டார்கள். கல்லில் பெயரைக் கொத்தி எடுத்துப் புதுப் பெயர் வெட்டினார்கள். அந்த இடம் மட்டும் பள்ளம் விழுந்து, மழை பெய்தால் புது அமைச்சரின் பெயரில் தண்ணீர் தேங்கியது. மூன்றாவது தேதி கார்த்திகையில். புயல்மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போக, ஆண்டிப்பட்டிக் கணவாயோடு அமைச்சரின் கார் திரும்பிவிட்டது. கொத்தனார் வெறுத்துப்போய், தேதி வெட்டும் இடத்தைக் காலியாக விட்டு வழுவழுவென்று தேய்த்துவிட்டுப் போனார்.

ரிப்பனை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. வெட்டாமல் அவிழ்த்தால் அபசகுனம் என்று காமராஜ் நினைத்தார். ஒவ்வொரு தேதிக்கும் பழையதன் மேலேயே புதியதைக் கட்டினார்கள். இரண்டு அறைக் கதவின் குறுக்கேயும் சாயம் போன சிவப்பு ஒன்று, ரோஸ் ஒன்று, பச்சை ஒன்று. அதைக் காவல் காப்பதற்கென்றே சங்கிலியை எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்த்தி வைத்தார்கள்.

இதற்கு நடுவில் கல்லூரி ஒரு விளம்பரப் புத்தகம் அச்சடித்தது. அதன் நடுப்பக்கத்தில் புது ஆய்வகத்தின் வண்ணப்படம். படம் எடுத்தவர் வெளியிலிருந்து எடுத்ததால் கண்ணாடியில் அவர் முகமும் விழுந்திருந்தது. கீழே, இளநிலை மாணவர்களும் ஆராய்ச்சி செய்யலாம், நவீன கருவிகள் உண்டு, விருப்பமுள்ளோர் துறையை அணுகலாம் என்று போட்டிருந்தார்கள். முதல்வர் விஜயகுமாரின் எழுத்து அது. அவர் தமிழ்த்துறைக்காரர், அணுகலாம் என்று எழுதினாரே ஒழிய, யாராவது நிஜமாகவே அணுகுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அணுகியது ஒரே ஒரு பெண். மூன்றாம் ஆண்டு ராஜாத்தி. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பால்பாண்டியின் மகள். ஒரு கையில் அந்த விளம்பரப் புத்தகத்தையும் இன்னொரு கையில் உரச்சாக்குப் பையில் மண்ணையும் தூக்கிக்கொண்டு துறைக்குள் வந்து நின்றாள்.

விஷயம் இதுதான். அவர்கள் பந்தலில் மேல்கோடி வரிசைகளில் கொடி ஒவ்வொன்றாகக் காய்ந்து கொண்டிருந்தது. இலை மஞ்சளாகும், சுருளும், அப்புறம் கொடியே விறகாகிவிடும். பால்பாண்டியும் அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் பூஞ்சைக்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து வருடா வருடம் அடித்து வந்தவர்கள். அந்தத் துத்தம்தான் மண்ணில் இறங்கி இறங்கி இப்போது விஷமாக நிற்கிறது என்று பால்பாண்டி நம்பினார். அப்படியானால் இன்றைக்கு மேல்கோடி, நாளைக்குத் தோட்டம் முழுக்க. கிளையை வெட்டிவிடும் அடுத்த கவாத்துக்குள் உறுதியாகத் தெரியவில்லை என்றால் கொடி மொத்தத்தையும் பிடுங்கி, பந்தல் கல்தூண்களை விற்றுவிட்டு வாழை வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"மண்ணுல துத்தம் எம்புட்டு இருக்குன்னு நம்ம காலேஜு மிஷின் சொல்லிருமா மேடம்?" என்று ராஜாத்தி கேட்டாள்.

சொல்லும் என்று சுகிர்தத்துக்குத் தெரியும். மண்ணை அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டி, அம்மோனியா ஊற்றினால் துத்தத்தில் இருக்கும் தாமிரம் நீலமாகக் கிளம்பும். நீலத்தை ஸ்பெக்ட்ரோ அளந்துவிடும். பழைய ஆய்வகத்தில் அளந்து ஊற்ற இருந்த ப்யூரெட் குழாய்களுக்கு இது எட்டாது. மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் துளியை அளக்க அந்தப் பெட்டிதான் வேண்டும். ஆனால் என்ன விடை வரும் என்று யாருக்கும் தெரியாது. போன வருடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியாது. அந்த நினைப்பிலேயே அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. முடியாதும்மா, திறப்பு விழா ஆகட்டும் என்றாள்.

ராஜாத்தி மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். மண்பை துறையிலேயே இருந்துகொண்டது. கடைசியில் அந்தப் பையின் தொந்தரவு தாங்காமல்தான் சுகிர்தம் முதல்வரிடம் போனாள்.

விஜயகுமார் நெடுநேரம் யோசித்தார். அவர் போட்ட கணக்கில் தர்மசங்கடம் இரண்டு இருந்தது. ஆராய்ச்சி செய்யலாம் என்று அச்சடித்தாயிற்று. வாசலை மிதிக்கக் கூடாது என்று செயலாளர் சொல்லியாயிற்று. பிறகு அவர் எழுந்து போய்க் கட்டடத்தைச் சுற்றி வந்தார். பின்பக்கம் வேதியியல் அறைச் சன்னல் ஒன்றுக்குக் கம்பியே இல்லை. வெல்டிங் பட்டறைக்காரர் அளவு பிசகிச் செய்த கிரில் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதில் ஓர் அவரைக்கொடி ஏறிப் பூத்திருந்தது.

"கதவத் திறந்தாத்தான மேடம் திறப்பு? சன்னல் எப்பவும் திறந்துதான கெடக்கு" என்றார். எழுத்தில் எதுவும் தர மறுத்துவிட்டார். ஆனால் கதவு திறக்கப்படாத வரை ஆய்வகம் திறக்கப்படாததாகவே கருதப்படும் என்று வாய்மொழியாக, இலக்கண சுத்தமாகச் சொன்னார்.

சங்கிலி தடுப்பான் என்று சுகிர்தம் பயந்தாள். பாதி ஆசைப்படவும் செய்தாள். அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தான். "செயலாளர் ஐயா என்னய வாசலத்தான் பார்க்கச் சொன்னாக. சன்னலப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஏறுங்கம்மா, காலு பதனம்."

அப்படித்தான் ஆய்வகம் இயங்க ஆரம்பித்தது. போகப் போக அதற்கென்று ஒரு முறைமை வந்துவிட்டது. சன்னலுக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஸ்டூல் போய்ச் செங்கல் படி வந்தது. மற்ற மாணவர்களும் எட்டிப் பார்க்க வந்து, பிறகு உள்ளேயே இறங்கினார்கள். தாமதமாக வருபவர்கள் சன்னலுக்கு வெளியே நின்று, மே ஐ கமின் மேடம் என்று கேட்டுவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டார்கள். பார்வையிடுவதற்காக முதல்வரும் ஒருநாள் ஏறி வந்தார். திரும்பிப் போகையில் வேட்டி கொண்டியில் மாட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று, கல்லூரியின் எதிர்காலம் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். இத்தனைக்கும் முன்பக்கம் ரிப்பன் மூன்றும் நூல் பிரியாமல் இருந்தன. சங்கிலி அவற்றைத் தினமும் தூசி தட்டினான்.

எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்பதிலும் சுகிர்தம் கண்ணாக இருந்தாள். புகை உறிஞ்சும் விசிறிக்குச் சுற்றியிருந்த பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. அதனால் அது ஓடவில்லை. ஸ்பெக்ட்ரோவுக்கும் உறை இருந்தது. பொத்தான்கள் இருக்கும் இடத்திலும் குப்பி நுழையும் இடத்திலும் மட்டும் பிளேடால் கீறிக்கொண்டார்கள். மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த காலம் அது. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, சுருளிப்பட்டி மண்ணை வரிசை வரிசையாக அளந்தார்கள். முதலில் துத்தமே படாத ஓடைக்கரை மண். அப்புறம் நன்றாகக் காய்க்கும் வரிசைகள். காய்ந்துபோன மேல்கோடி மண்ணைச் சுகிர்தம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அதில்தான் விடை இருந்தது.

பிற்பகல் வெயில் சன்னல் வழியாக நேரே ஸ்பெக்ட்ரோ மேல் விழுந்து எண்ணைக் குழப்பியது. வெயில் படாத ஒரே மூலை வாசற்பக்கம்தான். ஆடாத பிளக் பாயிண்டும் அங்கேதான் இருந்தது. ஒருநாள் எல்லாப் பையன்களையும் கூப்பிட்டு, கிரானைட் பலகை போட்ட பெரிய மேசையை நகர்த்திக் கதவை ஒட்டி நிறுத்தினார்கள். அழகாகப் பொருந்திவிட்டது. அது கதவு என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது. இத்தனை நாளாக அது படம் மாட்டத் தோதான ஒரு சுவர், அவ்வளவுதான்.

மாசி நடுவில் பால்பாண்டி ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கொடி பிடுங்க ஆட்கள் வருகிறார்கள் என்று ராஜாத்தி விடியற்காலை பஸ்ஸில் வந்து சொன்னாள். அன்றைக்கு மதியம் வரைதான் கரண்ட். வேறு வழியில்லாமல் சுகிர்தம் மேல்கோடி மண்ணை எடுக்கச் சொன்னாள். ராஜாத்தி வடிகட்டிய குப்பிகளை வரிசையாக வைத்து அம்மோனியா பாட்டிலைத் திறந்தபோது, சங்கிலி மூச்சிரைக்க ஓடிவந்து சன்னலில் தலையை நுழைத்தான்.

"அம்மா, அமைச்சர் வந்துட்டாக."

தேர்தல் தேதி எந்த நேரமும் அறிவிக்கப்படலாம். அறிவித்துவிட்டால் அப்புறம் ஒன்றையும் திறக்க முடியாது. அதனால் அமைச்சர் காலையிலிருந்து வழியில் இருந்ததையெல்லாம் திறந்துகொண்டே வந்தார். லோயர் கேம்ப் பக்கம் ஒரு பாலம், கூடலூரில் ஒரு ரேஷன் கடை, கம்பத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. காமராஜுக்கே அரைமணி நேரம் முன்னால்தான் போன் வந்திருந்தது. மேளக்காரர்கள் கிடைக்கவில்லை. கல்லூரி மணியைத் தொடர்ந்து அடிக்கச் சொன்னார்.

சுகிர்தம் சன்னல் வழியாகக் குதித்து முன்பக்கம் ஓடினாள். அங்கே அமைச்சர் கத்தரியோடு நின்றார். கனத்த ஆள். மூன்று ரிப்பனைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு மூன்றையும் சேர்த்து வெட்டினார். கைதட்டினார்கள். காமராஜ் கண்ணை மூடித் தாயாரை நினைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, வலது கையால் கதவைத் தள்ளினார்.

ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து கதவு நின்றுவிட்டது.

இரண்டு கையாலும் தள்ளினார். அமைச்சரின் பாதுகாவலர் தோள் கொடுத்தார். உள்ளே கண்ணாடிக் குப்பிகள் கிணுகிணுத்தன. அந்த விரல் அகல இடைவெளி வழியாக ஒரு பெண்குரல் வந்தது.

"யாரது? தள்ளாதீக. ரீடிங் எடுத்துக்கிட்டு இருக்கேன். சன்னல் வழியா வாங்க."

காமராஜ் முகத்தில் ரத்தம் இல்லை. இன்னும் திறக்காத ஆய்வகத்துக்குள் ஒரு பெண் இருப்பது எப்படி என்று அவர் கேட்கவில்லை. தாயார் பேரில் கட்டிய இடம் என்பதால் குரலைக் கேட்டுச் சற்று மிரண்டுதான் போனார். முதல்வர் விஜயகுமார் சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி நிமிர்ந்து, வாசல் வழியாக ஓர் ஆள்கூட உள்ளே போகவில்லை, பிள்ளை மேல் சத்தியம் என்றான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

முதல்வர் சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார். பையன்களை உள்ளே அனுப்பி மேசையை இழுத்துவிடச் சொன்னார். குரல் கீச்சென்று வந்தது. அது சாதாரணக் காரியம்தான். எட்டுப் பேர் சேர்ந்தால் ஆகிவிடும். ஆனால் மேசையில் இருந்தது மேல்கோடி மண். குலுங்கினால் அம்மோனியா ஊற்றியதில் அடியில் படிந்த வண்டல் கிளம்பிக் கலங்கும், மறுபடி வடிகட்ட வேண்டும், அதற்குள் கரண்ட் போய்விடும். காலையில் கடப்பாரையோடு ஆள் வந்துவிடும்.

சுகிர்தம் ஆமாம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பழக்கம் அது.

"முடியாது சார்" என்று வந்தது. அவளே திடுக்கிட்டாள். ஆனாலும் நிற்கவில்லை. "அந்தப் பிள்ள முடிக்கட்டும். அமைச்சர் ஐயா சன்னல் வழியா வரட்டும். நாங்க எல்லாரும் அப்படித்தான் போறோம். படி இருக்கு."

மணியடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். காமராஜ் தூணைப் பிடித்துக்கொண்டார். அமைச்சர் மட்டும் அவளை மேலும் கீழும் பார்த்தார். காலையிலிருந்து ஐந்தாறு ரிப்பன் வெட்டி, எல்லா இடத்திலும் ஒரே கேசரி சாப்பிட்டு வந்தவர். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்கனம்மா சன்னலு?" என்றார்.

செங்கல் படி அவருக்கு ஏற்றதல்ல. பாதுகாவலர் கீழிருந்து தாங்க, முதல்வர் ஒரு கையைப் பிடிக்க, அமைச்சர் ஒரு காலை உள்ளே போட்டார். பத்திரிகைக்காரர்கள் அந்த நிலையில் சற்று நிற்கச் சொன்னார்கள். நின்றார். பின்னால் காமராஜ், முதல்வர், கட்சிக்காரர்கள், கேசரித் தட்டோடு ஒருவர் என்று வரிசையாக இறங்கினார்கள். அறை நிறைந்தது. விசிறி உறைக்குள் இருந்தது. அம்மோனியா நெடி அத்தனை பேர் கண்ணிலும் ஏறியது.

ராஜாத்தி திரும்பிப் பார்த்தாள். யார் என்று புரிந்து எழுந்தாள். பிறகு குப்பிகளைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னம்மா பண்ணுற என்று கேட்டார். மேல்கோடி வரிசை, மயில்துத்தம், நாளைக்கு வருகிற ஆட்கள் என்று அவள் பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, பேசாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னாள்.

ஓர் அமைச்சரும் அவர் பரிவாரமும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமில்லாமல் நின்றார்கள். நீலக் குப்பி ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போய் வந்தது. எண்களைச் சுகிர்தம் எழுதினாள். கடைசி எண்ணை எழுதி முடித்துக் காய்க்கும் வரிசையின் எண்களோடு வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. துத்தம் இரண்டிலும் இருந்தது, ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே கொடி காய்த்தது, இங்கே செத்தது.

"துத்தம் இல்லங்கய்யா. கொடி சாகுறது அதுனால இல்ல" என்றாள் ராஜாத்தி.

"பெறகு எதுனால?"

அவள் சுகிர்தத்தைப் பார்த்தாள். சுகிர்தம் மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"தெரியலங்கய்யா" என்றாள் சுகிர்தம். அதைச் சொன்னபோது உள்ளங்கை வியர்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். கரண்ட் போனது.

அமைச்சர் சன்னல் திண்டிலேயே உட்கார்ந்து வெளியே திரும்பிப் பேசினார். ஓர் ஏழை விவசாயியின் மகள் இதுவரை யாருக்கும் தெரியாதிருந்த ஒன்றை, இப்போதும் தெரியாது என்று அறிவியல் முறைப்படி நிரூபித்திருப்பதாகப் பாராட்டினார். மறுநாள் பேப்பரில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அவர் படமும், மாணவியின் ஆராய்ச்சியைக் கண்டு அமைச்சர் கண்கலங்கினார் என்ற செய்தியும் வந்தன. காமராஜும் கலங்கியிருந்தார். அவருடையது எவ்வளவு அம்மோனியா என்று சொல்ல முடியாது. சன்னல் ஏறி இறங்கியதில் நேரம் ஓடிவிட்டதால், அடுத்த அறையான விலங்கியல் ஆய்வகத்தின் ரிப்பனை வெட்டாமலேயே அமைச்சர் தேனிக்குக் கிளம்பினார். சாயங்காலம் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சுகிர்தம் சுருளிப்பட்டிக்குப் போனாள். பந்தலுக்கடியில் ஆட்கள் கடப்பாரையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பால்பாண்டி கையில் பேப்பர் இருந்தது. மகள் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"தெரியாதுன்னு சொல்லவா டீச்சரம்மா வருசம் பூராம் சன்னலு ஏறிக் குதிச்சீக?"

"துத்தம் இல்லன்னு தெரியும்ல" என்றாள் சுகிர்தம். "அதுவா இருந்தா மத்த வரிசையும் செத்திருக்கணும். சாகலியே. இது மேல்கோடியில மட்டும் இருக்கற ஏதோ ஒண்ணு. மொத்தத்தையும் பிடுங்குனா அது என்னன்னு யாருக்குமே தெரியாமப் போயிரும்."

பால்பாண்டி பந்தலை அண்ணாந்து பார்த்தார். காய்க்கும் வரிசைகளில் அறுவடை முடிந்தும் இலை பச்சையாக நின்றது. அந்தப் பக்கம் விறகு. கடப்பாரையை வாங்கி, மேல்கோடியில் செத்த கொடி ஒன்றை மட்டும் வேரோடு பெயர்த்தார். மண்ணை உதறினார். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சாக வீங்கியிருந்தது, யாரோ நூல் கோத்து முடிந்து வைத்த மாதிரி.

"இது என்ன கருமம்?" என்றார். ராஜாத்தி குனிந்து ஒரு முடிச்சை நகத்தால் கீறினாள். உள்ளே பூச்சி ஏதும் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற சைஸில் இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும் என்றாள். பால்பாண்டி ஆட்களைக் கவாத்துக்குத் திருப்பிவிட்டார். மேல்கோடி வரிசைகளை அப்படியே விடச் சொன்னார். "அடுத்த கவாத்து வரைக்கும் பார்ப்பேன் ஆத்தா. அதுக்கு மேல வாழதான்."

சுகிர்தம் அந்தக் கொடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேர் இடித்தது. கல்லூரியில் இறங்கி விலங்கியல் அறைக்கு முன்னால் போய் நின்றாள். கதவின் குறுக்கே மூன்று ரிப்பனும் அப்படியே இருந்தன. தேர்தல் விதிப்படி பக்கத்துக் கல்வெட்டில் பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். எதிரே, இந்தக் கதவைக் காக்கச் சொன்ன புது உத்தரவோடு சங்கிலி ஸ்டூலில் இருந்தான். அவள் கையிலிருந்த செத்த கொடியைப் பார்த்தான். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தான்.

விலங்கியல் அறைச் சன்னலுக்கு மட்டும் கிரில் ஆரம்பத்திலேயே சரியான அளவில் வந்து, மூலைக்கொன்றாக நட்டு போல்ட் போட்டு முறுக்கியிருந்தது.

சுகிர்தம் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். தேனி பஜார் இரைச்சலுக்கு நடுவே ஜெபமணியின் குரல் வந்தது. எப்போதும் போல, காஸ் குழாயா என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். "பத்தொன்பது நம்பர் ஸ்பேனர் ஒண்ணு வேணும். கம்பம் பஸ்ல குடுத்துவிடுங்க. கூடக் கொஞ்சம் எண்ணெயும்."